குவாலாவில் கரையேறிய எங்கள் அக்கா

அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. துக்கத்துக்கு வந்து எங்களோடு அமர்ந்தவர்கள், வர இயலாமல் ஆள் அனுப்பி விசாரித்தவர்கள் எல்லோர் கையிலும் இந்தச் சிறு நினைவு மலரை வைக்கிறேன். பிறந்தது, வளர்ந்தது, பக்தியாய் வாழ்ந்தது என்று முறைப்படி எழுதி முடித்துவிடலாம். ஆனால் அக்காவைக் 'கப்பல்காரம்மா' என்று அழைத்த ஆரணியார் பலருக்கு, அந்தக் கப்பல் அவர்களை எங்கே கொண்டுபோய் இறக்கியது என்பது தெரியாது. ஆகையால் இக்கட்டுரையில் பெரும்பகுதி, நானே கண்ணால் காணாத ஓர் ஊரைப் பற்றியதாக இருக்கும். பொறுத்தருள வேண்டும். அக்காவின் உயிர் அந்த ஊர் கொடுத்தது.

அக்கா பிறந்தது தேவிகாபுரத்துக்கு அருகே ஒரு குக்கிராமம். எங்கள் பெற்றோர் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள், கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர்கள். சிறு வயதிலேயே அக்கா ஆரணிக்கு வந்து, ஒரு நெசவுக்கார வீட்டின் கொல்லைப்புறத்தில் பட்டு இழை சுற்றும் வேலையில் அமர்ந்தார்கள். அறுந்த இழையைப் பாராமலே விரல் நுனியால் கண்டுபிடித்துப் பிணைத்துவிடுவார்களாம். ஆனால் தறி இருந்த கூடத்துக்குள் நம்மவர்களுக்கு இடமில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று சுருளை நீட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அக்காவை மணந்த மாமா வண்டியோட்டுபவர். மனிதரிடம் பேசுவதைவிட மாட்டிடம் அதிகம் பேசுவார்.

தாது வருஷப் பஞ்சத்தில் மாடுகள் முதலில் போயின. அடுத்து அப்பாவும், சில நாளில் அம்மாவும் போனார்கள். அப்போதுதான் ஆள் பிடிப்பவர் ஒருவர் கண்ணமங்கலம் சாலையில் வந்து, அக்கரையில் புகையிலைத் தோட்டத்துக்கு வண்டியோட்டிகள் வேண்டும், மூன்று வேளையும் சோறு என்று சொன்னார். மாமாவை எடுத்துக்கொண்டார்கள். அக்காவையும் எடுத்துக்கொண்டார்கள். கைகால் வீங்கிக் கிடந்த என்னைப் பார்த்து, "இது கப்பல் தாங்காது" என்றார்கள். அக்கா என்னை மிஷன் கஞ்சித்தொட்டிக்குத் தூக்கி வந்து, பாதிரியாரான ஐயரின் மனைவி ஐயரம்மாவிடம் ஒப்படைத்தார்கள்.

"சோறு சம்பாரிச்சிகினு வந்துடறேன் தம்பி. அதுவரைக்கும் இவங்க சொல்றதைக் கேட்டுகினு இரு" என்றார்கள். நான் அழக்கூட வலுவில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து ஒல்லாந்தர் ஆளும் சுமாத்திராத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சோறு இருந்தது. அதில் ஆள் பிடித்தவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஓராண்டு முடிவதற்குள் மாமா காய்ச்சலில் இறந்தார். அவரைப் புதைத்த மறுநாளே கங்காணி வந்து, மாமா கைநாட்டு வைத்த காலம் முழுவதும் அக்கா வேலை செய்து தீர்க்கவேண்டும் என்றார். அதோடு தம் குடிசைக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். இதற்குமேல் அதைப்பற்றி அக்கா என்னிடம் பேசியதில்லை.

துணி துவைக்க ஆற்றுக்குப் போன ஒரு காலையில், அக்கா துவைத்த துணியைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஆற்றோரமாகக் கீழ்முகமாய் நடந்தார்கள். ஆறு கடலுக்குப் போகும், கடலில் கப்பல் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. காட்டைக் கடந்து, சேற்றில் வேரூன்றிய மரங்களைக் கடந்து வெளியே வந்தபோது கடலைக் காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பளபளவென்று சேறு. நடந்தார்கள். முழங்கால் புதைந்தது, பிறகு இடுப்பு புதைந்தது. அப்போதுதான் தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தண்ணீர் திரும்பி வருவது தெரிந்தது.

அந்தச் சேற்றில் பெண்கள் சிலர் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பலகை, ஒரு காலை அதில் மடக்கி வைத்து, மறு காலால் உந்தி, சேற்றின்மேல் வழுக்கிச் செல்வார்கள். அவர்களில் மூத்தவர் அக்காவின் கூச்சலைக் கேட்டுப் பலகையைத் திருப்பினார். மற்றவர்களும் வந்து, பலகைகளைச் சேர்த்துப் போட்டு, அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். அக்காவின் புடவை சேற்றோடு போய்விட்டது. மூத்தவர் தம் தலைத்துணியை அவிழ்த்து அக்காவைச் சுற்றினார். பொறுக்கிய சிப்பியை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, கூடை வைத்திருந்த பலகையில் அக்காவைக் கிடத்தித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த மூத்தவரைத்தான் அக்கா கடைசிவரை 'மாக்' என்று சொன்னார்கள். அவர்கள் மொழியில் அம்மா என்று பொருள்.

ஊருக்குப் பெயர் குவாலா. ஆறு கடலில் சேரும் இடம் என்று அர்த்தமாம். நாற்பது வீடுகூட இராது. எல்லா வீடும் மரக்கால்கள்மேல் நிற்கும். கடல் ஏறும்போது வீட்டுக்கடியில் மீன் ஓடும். இறங்கினால் அதே இடத்தில் கோழி மேயும். கூரை வேய்வது சேற்றில் வளரும் ஒருவகைத் தென்னோலையால். ஊரைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஆகையால் குடிப்பதற்கு மழைநீர்தான். வாசலுக்கு வாசல் பெரிய ஜாடிகள் இருக்கும். மழை தவறினால் ஆண்கள் படகில் ஆற்றின் மேல்முகம் போய் நல்ல தண்ணீர் மொண்டு வருவார்கள். இறந்தவர்களையும் அப்படியே படகில் ஏற்றி, கடல் எட்டாத மேட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள்.

ஆண்கள் கடலில் கழிகளை நட்டு வேலிபோல் கட்டி, ஏற்றத்தில் வந்த மீன் இறக்கத்தில் வெளியேறாதபடி பிடிப்பார்கள். பெண்கள் சின்ன இறாலை உப்பிட்டு இடித்து வெயிலில் காயவைப்பார்கள். "அந்த வாசனை இருக்குதே, முதல்ல மூக்கைப் பொத்திகினு ஓடினேன். அப்புறம் அது இல்லாம சோறே எறங்கலை" என்று அக்கா சொல்வார்கள். வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். சிறிய பலகைப் பள்ளிவாசலில் கூடித் தொழுவார்கள். ஒரு வீட்டில் புகை எழவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று மீனோடு வந்து நிற்கும். ஏன் சமைக்கவில்லை என்று கேட்பது மரியாதையில்லையாம்.

மொழி தெரியாமல் ஊமைபோல் இருந்த அக்கா, ஒருநாள் பிள்ளைகள் கடலைக் காட்டிக் 'கப்பல்' என்று கத்துவதைக் கேட்டார்கள். மாக் துணி வைக்கும் மரப்பெட்டியைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், 'பெத்தி' என்றாராம். அக்கா அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாக்குக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டிதான் வேண்டுமாக்கும் என்று நினைத்து, துணிகளை வெளியே எடுத்துவிட்டு அதை அக்காவுக்கே கொடுத்துவிட்டார்.

அந்த ஊரில் அக்கா சற்றும் எதிர்பாராதது ஒன்று இருந்தது. பெண்கள் மீன்வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, வீட்டுக்கடியில் உயரமான மேடையில் போட்ட தறிகளில் உட்காருவார்கள். நெய்தது பட்டு! கல்யாணத்துக்கும் பண்டிகைக்குமான ஜரிகைப் பட்டு. ஒருநாள் மாக்கின் பாவில் இழை அறுந்து அவர் தேடிக்கொண்டிருக்க, அக்கா பக்கத்தில் குந்தி, விரலால் தடவிக் கண்டுபிடித்துப் பிணைத்துவிட்டார்கள். மாக் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, தாம் இருந்த இடத்தைக் கையால் துடைத்து, உட்கார் என்று காட்டினார். பட்டு நெய்யும் ஆரணியில் வளர்ந்தும், அக்கா முதன்முதலாகத் தறியில் உட்கார்ந்தது அங்கேதான்.

அப்படி உட்கார்ந்து பழகிவந்த காலத்தில், தோட்டத்துப் படகு ஆற்றுமுகத்துக்கு வந்தது. கங்காணியும் காவல்காரர் இருவரும் இறங்கினார்கள். ஓடிப்போன தமிழ்ப்பெண் இங்கே இருப்பதாகக் கேள்வி என்றார்கள். ஊர்த் தலைவர் எழுந்து வரவேற்று, இளநீர் வெட்டிக் கொடுத்து, "எங்கள் பெண்கள் இதோ இருக்கிறார்கள், பாருங்கள்" என்றார். தறிகளில் பெண்கள் அனைவரும் தலைத்துணி போட்டு, வெயிலுக்கு அவ்வூர் வழக்கப்படி அரிசிமாவை முகத்தில் பூசி உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் அவ்விதமே, முதுகு காட்டி. கங்காணிக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் நடுவில் நின்றுகொண்டு தமிழில் உரக்கப் பேசினார்.

"ஏ பொண்ணு! ஆரணியிலேருந்து உன் தம்பி வந்திருக்கான். பினாங்குல நின்னு அழுதுகிட்டிருக்கான். வா, கூட்டிகிட்டுப் போறேன்." என் பெயரையும் சொன்னார். மாமா எப்போதோ அவரிடம் என்னைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

தோட்டத்தை விட்டு வந்தபின் அக்கா காதில் விழுந்த முதல் தமிழ் அது. "உன் பேரைச் சொன்னான்டா. திரும்பினா நான் செத்தேன். திரும்பலைன்னா, நெஜமாவே நீ அங்க நின்னுகினு இருந்தா? தறி நாடாவைத் தள்ளிகினே இருந்தேன். கண்ணுக்கு இழையே தெரியலை" என்று அக்கா பின்னாளில் என்னிடம் சொன்னார்கள்.

பக்கத்துத் தறியிலிருந்த மாக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்காவின் தோள் குலுங்குவதைக் கண்டார். சட்டென்று எழுந்துவந்து அந்தத் தோளில் பளாரென்று ஓர் அடி வைத்து, சோம்பேறி, பராக்குப் பார்க்கிறாய், நெய்ததெல்லாம் கோணல் என்று தம் மொழியில் வாய்க்கு வந்தபடி ஏசினார். யார் இவள் என்று காவல்காரர் கேட்டார். "என் மகள். வயிறு எரிகிறது, இவளை எவன் கட்டிக்கொள்வான்?" என்றார் மாக். மற்ற பெண்கள் சிரித்தார்கள். காவல்காரரும் சிரித்துவிட்டார். படகு போய், ஆற்றுத் திருப்பத்தில் மறைந்த பிறகு, அடித்த தோளைத் தடவிக்கொண்டு மாக் வெகுநேரம் அழுதாராம்.

அதன்பின் யாரும் தேடி வரவில்லை. ஆனால் கங்காணி சொன்ன சொல் அக்காவை விடவில்லை. பொய் என்று மனம் சொன்னாலும், தம்பி வந்திருப்பானோ என்ற முள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆண்டுகள் பல கழிந்து, கருவாடு வாங்கப் பினாங்கிலிருந்து தமிழ் மரக்காயர் ஒருவர் அந்த ஊருக்கு வரத் தொடங்கினார். ஆரணிக் கைலி வியாபாரிகளை அவருக்குத் தெரியும். அக்கா அவரிடம் தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

ஒருநாள் கைலி வியாபாரி ஒருவர் நான் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து, என் அப்பா பெயரையும் ஊரையும் விசாரித்து, "உங்க அக்கா உசிரோட இருக்காங்க வாத்தியாரே" என்றார். நான் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் உயிரோடு இருக்கிறேன், ஆரணியை விட்டு எங்கும் போகவில்லை என்று நான் சொல்லியனுப்பிய செய்தி அதே வழியில் திரும்பிக் குவாலாவை எட்டியது.

கப்பல் செலவுக்காகப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஜரிகைத் துணி நெய்து மரக்காயரிடம் கொடுத்தார்கள். புறப்படும் நாளில் மாக், அக்காவின் தலைக்குத் தேங்காய்ப்பால் தேய்த்துக் குளிப்பாட்டினார். "தம்பியைப் போய்ப் பார். அவன் அங்கே கஷ்டப்பட்டால் இங்கே கூட்டிவந்துவிடு. நமக்கு மீனுக்குப் பஞ்சமில்லை" என்றார். போகாதே என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அக்கா பள்ளி வாசலில் வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. அவ்வூர்க் கைலி, வெளுத்த தலைத்துணி, கையில் ஒரு மரப்பெட்டி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீக்கமெல்லாம் வத்திப்போச்சா தம்பி?" என்றார்கள். பிள்ளைகள் முன்னிலையில் நான் தேம்பி அழுதேன். அன்று பாடம் நடக்கவில்லை.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய். வேறு மார்க்கத்தாரோடு இத்தனை காலம் இருந்தவள் என்று சபையிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். ஐயர் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா, "அவங்க அவங்க முறைப்படி தொழுதாங்க. நான் எனக்குத் தெரிஞ்ச ஜெபத்தைச் சொல்லிகினு இருந்தேன். யாரும் யாரையும் கேட்டுக்கலீங்க ஐயரே. மழைத்தண்ணியைப் பங்கு போட்டுகினோம், அவ்ளோதான்" என்றார்கள். ஐயர் அடுத்த ஞாயிறு அக்காவைத் தம் குடும்பத்தாரோடு உட்காரச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்குள் அக்கா ஒரு தறி போட்டார்கள். முன்பு அக்கா வேலை செய்த வீட்டுப் பெரியவர் ஒருநாள் வந்து, நெய்ததைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது எந்தக் கரைம்மா? நம்ம பக்கத்துல பார்த்ததில்லையே" என்றார். "அக்கரைங்க" என்றார்கள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

சில ஆண்டுகளுக்குமுன் சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து நிறைமாதப் பெண் ஒருத்தி, புருஷன் வீட்டார் அடித்துத் துரத்த, சந்தையில் வந்து விழுந்து கிடந்தாள். அக்கா அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். மறுநாள் அந்த வீட்டு ஆண்கள் கம்போடு வந்து நின்றார்கள். அக்கா கதவில் சாய்ந்துகொண்டு, "இவ எங்க ஊட்டுப் பொண்ணு. பேஜார் பண்ணாம போங்க" என்றார்கள். அவர்கள் கத்தினார்கள், அக்கா நகரவில்லை. தெரு கூடிவிட்டது. கடைசியில் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணும் அவள் மகனும் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. கடைசி நாட்களில் தமிழ் அவர்களை விட்டுப் போய்விட்டது. குவாலா மொழியில் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தார்கள். சில நேரம் சிரித்தார்கள். எனக்கு அதில் மாக் என்ற ஒரு சொல்தான் புரிந்தது. நான் அருகில் இருந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரென்று அவர்களுக்குத் தெரிந்ததோ, தெரியவில்லை. கை மட்டும் என் கையை விடவில்லை.

அக்காவின் படுக்கையை விட்டு அகலாமல் பெற்ற மகளைப்போல் பணிவிடை செய்த சேத்துப்பட்டுத் தங்கைக்கும், வேளை தவறாமல் வந்து மருந்து கொடுத்த வைத்தியருக்கும், ஜெபித்த ஐயருக்கும், தோள்கொடுத்த சபையாருக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்து நின்ற நெசவாளர் தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்களில் பெரும்பாலோர் இந்த மலரைப் படிக்கமாட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அக்கா இறந்ததும் தெரியாது. ஆகவே, இதை வாங்கும் உங்களில் கைலி வியாபாரமாகவோ வேறு காரியமாகவோ பினாங்குக்குக் கப்பலேறுபவர் எவரேனும் இருந்தால், எனக்காக ஓர் உதவி செய்யுங்கள். கருவாட்டுப் படகுக்காரர்களிடம் கேட்டால் குவாலாவுக்கு வழி சொல்வார்கள். மாக் இருந்தால் அவரிடம், இல்லையேல் அங்கே தறியில் இருக்கும் எந்தப் பெண்ணிடமாவது சொல்லுங்கள்: உங்கள் மகள் சுகமாக ஊர் வந்து சேர்ந்தாள், கடைசிவரை நெய்தாள், தனியாகச் சாகவில்லை.