லயத்துத் தொட்டி ரயிலேறிய கதை

எங்கள் தோட்டத்துக் கீழ் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். எல்லோருக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து அதில் நிறையும். நீளமான இரும்புத் தொட்டி. உடம்பெல்லாம் ரிவிட் குமிழ்கள். ஒரு முனை சாய்வாக இருக்கும். அடியில் ஓரிடத்தில் யாரோ கடித்துத் தின்றது போல ஒரு வெட்டு.

நான் தேயிலை ஃபேக்டரியில் மிஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை, கோயில் திருவிழாவுக்கு முன், தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவது என் தலையில் விழுந்த வேலை. உள்ளே குறுக்கும் நெடுக்கும் தகடுகள். தொட்டிக்குள் சுவர் வைத்தவனை ஒவ்வொரு முறையும் வாயாரத் திட்டுவேன். ஒரு வருஷம் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். வந்த கோபத்தில் கேஸ் கட்டரைக் கொண்டுவந்து இரண்டு தகடுகளை வெட்டி எறிந்தேன்.

போன வருஷம் பள்ளி விடுமுறையில் கீழே ரிங்லெட் ஊரிலிருந்து ஏறிவந்த கார் ஒன்று சூடாகி எங்கள் லயத்தின் முன் நின்றது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு ஒரு பெண் இறங்கினார். ஈப்போவில் ரயில் பட்டறை எஞ்சினியராம். வாளி நிறைந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, தொட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இது எங்கேருந்து வந்துச்சு?”

“நான் பொறக்கறதுக்கு முன்னாடியே லோரியில கொண்டாந்தாங்களாம். ஏன்?”

“இது ஸ்டீம் எஞ்சினோட தொட்டி!”

துணி அலசிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். “எஞ்சினா? காலம் பூரா இதுலதானே சோறாக்குறோம்!”

கார் ஆறி வெகுநேரமாகியும் அவர் கிளம்பவில்லை. காரில் வந்த அவர் பிள்ளைகள் எங்கள் வீட்டுப் பிஸ்கட்டைக் காலி செய்ய, அவர் தரையில் குச்சியால் படம் போட்டார். டேங்க் எஞ்சின் என்கிற இந்த ரகத்துக்குத் தண்ணீர் சுமக்கப் பின்னால் தனி வண்டி கிடையாது. பாய்லரின் இரண்டு பக்கமும் இப்படி ஒவ்வொரு தொட்டி. கரி, டிரைவர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு பெட்டியில். அதனால் கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும். சாய்ந்த முனை டிரைவருக்குப் பாதை தெரிவதற்கு. அடியில் உள்ள வெட்டு, கை விட்டு எண்ணெய் போடுவதற்கு. தொட்டியின் பாரமே சக்கரத்தைத் தண்டவாளத்தில் அழுத்திப் பிடிக்கும். தண்ணீர் தீரத் தீரப் பிடிப்பும் குறையும்.

இந்த ரகம் முதலில் கிளைப் பாதைகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியதாம். பெரிய எஞ்சின்கள் வந்ததும் யார்டில் பெட்டிகளைத் தள்ளும் வேலைக்கு இறக்கினார்கள். டீசல் வந்த பிறகு பழைய இரும்பாகப் போட்டுவிட்டார்கள். அதில் மிஞ்சிய ஒன்றை அவரும் நண்பர்களும் சீர்செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு இரண்டு தொட்டிகளும் இல்லை, வரைபடமும் இல்லை.

“இத எங்களுக்குக் குடுப்பீங்களா அண்ணே?”

லயத்து ஆட்கள் சம்மதித்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். லயத்தின் சார்பில் பேசியது என் மனைவி. “புதுத் தொட்டி மொதல்ல வரணும். தண்ணி நெறஞ்சு எங்க வீட்டுப் பைப்புல கொட்டணும். அப்புறம் தூக்குங்க.”

அப்படியே நடந்தது. புதுத் தொட்டி நிறைந்த மறுநாள் கிரேன் லோரி வந்தது. பழைய தொட்டி ஆகாயத்தில் தொங்கி லோரியில் இறங்கியது. எஞ்சினியர் டார்ச்சைப் பிடித்து உள்ளே பார்த்தார்.

“ரெண்டு தகடு காணோமே. யாரோ வெட்டியிருக்காங்க.”

யாரோ வெளியூர் வெல்டிங்காரன் வந்து வெட்டினான் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் மனைவி நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

“நான்தான் வெட்டுனேன். கழுவத் தொந்தரவா இருந்துச்சு.”

அவர் சிரித்தார். “ஓடுற வண்டியில தண்ணி முன்னும் பின்னும் மோதாம இருக்கத்தான் அந்தத் தகடு. அது இல்லாட்டி பிரேக் போடறப்ப எஞ்சினையே ஒரு உலுக்கு உலுக்கிடும்.”

இத்தனை வருஷம் திட்டியவன் எனக்கு மேல் விவரமானவன் என்று அப்போதுதான் தெரிந்தது. “நானே செஞ்சு மாட்டிக் குடுக்கறேன்,” என்றேன்.

அதன் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்கு இறங்குவேன். என் இரண்டு தகடுகளோடு வேலை முடியவில்லை. எங்களுடையது வலப்பக்கத் தொட்டி. அதை அளந்து அட்டையில் வெட்டி, அட்டையைப் புரட்டிப் போட்டு இடப்பக்கத் தொட்டியைப் புதிதாகச் செய்தோம். பட்டறையில் இருந்தவர்களில் நிறையப் பேர் என் வயதைத் தாண்டியவர்கள். எல்லோரும் என்னை “மலை அண்ணே” என்றார்கள்.

நீராவி ஏற்றிய அன்று லயமே ஒரு வேனில் ஈப்போவுக்கு இறங்கியது. கரும்பச்சைப் பெயின்டில் எஞ்சின் பளபளத்தது. யார்டுக்குள் கொஞ்ச தூரம் போய், பிரேக் போட்டு, அப்படியே பின்னால் வந்தது. நான் பக்கப் படியில் தொற்றி நின்று, வலப்பக்கத் தொட்டியின் மேலேயே காதை வைத்திருந்தேன். உள்ளே தண்ணீர் மோதுகிற சத்தமே இல்லை.

என் மனைவி டிரைவரிடம் பேசி மேலே ஏறிவிட்டாள். விசில் சங்கிலியை இழுத்தாள். விட மனமில்லாமல் மறுபடியும் இழுத்தாள். இறங்கும்போது புதுச் சேலையில் கரி.

“போகட்டும் விடு,” என்றேன்.

“யார் கவலப்பட்டா?” என்றாள். “அடுத்து எப்ப ஓட்டுறாங்கன்னு கேட்டுட்டு வா.”