பாய் செய்து கொடுத்த பேசும் மீட்டர்

மீட்டர் பொய் சொல்லவில்லை, அதைச் செய்து கொடுத்த பாயும் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன மழைக்காலம் முழுவதும் நான் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் சாலையில், வயலை ஒட்டி வீடு. வீட்டிலிருந்தே மைக்கில் மற்றவர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கு இளமையிலேயே உரிமம் வாங்கியவன். எங்களைப் போன்றவர்களை ஹாம் என்பார்கள். டெல்டாவில் இருக்கும் ஹாம்கள் சிலர் காலையில் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவோம். ஒருவர் நடுவில் இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சந்தை இரைச்சலாகிவிடும். அந்த வேலையைப் பல வருடங்களாக நான்தான் செய்துவந்தேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

பிறகு கண் போனது. முழுவதும் போகவில்லை. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், ஓரங்கள் மட்டும் தெரியும். ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. ரேடியோவைத் தடவியே இயக்கப் பழகிக்கொண்டேன். பவர் மீட்டரின் முள்ளை மட்டும் என்ன செய்தும் பார்க்க முடியவில்லை. அது இரண்டு விஷயங்களைக் காட்டும். ரேடியோவிலிருந்து எத்தனை வாட் வெளியே போகிறது என்பது ஒன்று. போனதில் எவ்வளவு ஏரியல் வரை போய் முட்டித் திரும்பி வருகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை ஒரு விகிதமாகச் சொல்வோம். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, மூன்றைத் தாண்டினால் ரேடியோவே புகைந்துவிடலாம். முள்ளைப் பார்க்காமல் மைக்கை அழுத்துவது கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடப்பது மாதிரி.

கூத்தாநல்லூரில் ஒரு நண்பர், அவரும் ஹாம். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்து எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும் பாய். என் சிரமத்தைக் கேட்டவர், நான் கேட்காமலேயே ஒரு பேசும் மீட்டரைச் செய்துகொண்டு வந்தார். மைக்கை அழுத்தினால் அது தமிழில் சொல்லும், "தொண்ணூறு வாட். ஒன்று புள்ளி ஒன்று." எண்களைச் சொன்ன குரல் அவருடைய மகளுடையது. நிதானமான, தெளிவான குரல். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, "வீட்ல ஒரு பொண்ணு இருக்க மாதிரி இருக்குங்க" என்றாள்.

சில மாதங்கள் நன்றாகப் போயின. ஐப்பசி மழை பிடித்தபின் ஒரு நாள் காலையில் கூப்பிட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மீட்டர் தொண்ணூறு வாட் என்றது, ஒன்று புள்ளி ஒன்று என்றது. ஸ்பீக்கரில் பாயின் குரல் வந்தது. "சார் இன்னைக்கு வரல போலருக்கு. நானே ஆரம்பிச்சிடறேன்." நான் மைக்கை அழுத்தி, இருக்கிறேன், இருக்கிறேன் என்றேன். அவர் பாட்டுக்கு மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். அவர்கள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது. முன்பைவிட இரைச்சல்கூடக் குறைவு. மழை பெய்ததால் வயல்களில் மோட்டார் ஓடவில்லை, அதனால் இரைச்சல் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பாய் போனில் கூப்பிட்டு, என் சிக்னல் வரவே இல்லை என்றார். உங்கள் மீட்டர்தான் தொண்ணூறு என்கிறதே என்றேன். "அதான் சார் எனக்கும் புரியல. கேபிளை ஒரு தடவ வந்து பாத்துடறேன். மழைக்கு முன்னால மாடியில அந்த ஜாயிண்டுக்கு டேப் சுத்தியாச்சா?"

சுத்தியாச்சு என்று சொன்னேன். மொட்டைமாடிக் குழாயில் ஏரியல் கம்பியும் கேபிளும் சேரும் இடம் அது. வருடா வருடம் மழைக்கு முன் அதற்குப் புது டேப் சுற்றி, மேலே பசை தடவ வேண்டும். அந்த வருடம் நான் தடவித் தடவி ஏதோ சுற்றினேன். சரியாக மூடியதா என்று எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் வருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏன் வேண்டாம் என்றேன்? பார்வை குறைந்தவன் வீட்டில் நாற்காலி ஒரு சாண் நகர்ந்திருந்தாலும், யாரோ வேண்டுமென்றே நகர்த்தியதாகத் தோன்றும். தோன்றிக்கொண்டே இருந்தால் அது பழக்கமாகிவிடும். நான் அப்போது அந்தப் பழக்கத்தில் இருந்தேன். யாராவது தாழ்ந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். பாய் வந்தால் எதையாவது தொட்டு வைத்துவிட்டுப் போவார் என்று தோன்றியது.

பிறகு ஒரு விஞ்ஞானியைப் போல யோசித்தேன், அதுதான் வேடிக்கை. ரேடியோவின் பவரைப் பாதியாகக் குறைத்தேன், மீட்டர் நாற்பத்தைந்து என்றது. அந்த எண் சரி. ஆனால் விகிதம்? கம்பி மழையில் நனையும்போது அது கொஞ்சமாவது ஆட வேண்டும், காற்றில் தென்னை அசையும்போதும் ஆட வேண்டும். எத்தனை மழையிலும் ஒன்று புள்ளி ஒன்றுதான். என் சந்தேகம் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. விகிதத்துக்கு மட்டும் எப்போதும் ஒரே குரலை ஒலிக்கும்படி பாய் செய்துவைத்திருக்கிறார், எல்லாம் சரி என்று கிழவனை நம்பவைத்துவிட்டுக் காலைக் கூட்டத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார் என்று முடிவு கட்டினேன்.

மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள், "கல்யாணமான நாள்லேந்து நான் பேசறதுக்கும்தான் பதில் வந்ததில்ல. நான் யாரையாவது சந்தேகப்பட்டேனா?" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அவளோடு நிறுத்தியிருக்கலாம். நாகப்பட்டினத்தில் எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவருக்கும் பாய் அதே மாதிரி மீட்டர் செய்துகொண்டிருந்தார். நான் அவருக்கு போன் செய்து, ஏமாந்துவிடாதீர்கள், அது அவர் சொல்ல நினைப்பதைத்தான் சொல்லும் என்றேன். என் படிப்பின் மேல் அவருக்கு மரியாதை. எனக்கு வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிட்டார். குழுவில் வேறு இரண்டு பேரிடமும் இதையே சொன்னேன்.

பாய்க்கு எப்படியோ தெரிந்து என்னைக் கூப்பிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. ஏன் சார் அப்படிச் சொன்னீர்கள் என்றுதான் கேட்டார். நான் சொன்ன பதிலை மாற்றாமல் எழுதுகிறேன். "கண்ணுதான் போச்சு பாய், புத்தி போகல. பொண்ண வச்சு எனக்குத் தாலாட்டுப் பாடறீங்களா?"

"எம்பொண்ணப் பத்திப் பேசாதீங்க சார்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு காலையில் அவர் வரவில்லை. கூட்டத்தை நடத்த ஆளில்லாமல் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். நான் நினைத்தது சரிதான், மாட்டிக்கொண்டதும் ஓடிவிட்டார் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

பொங்கல் கழித்துத் தேங்காய் பறிக்க ஆள் வந்தார். மாடிக் குழாயிலிருந்து போகும் ஏரியல் கம்பியின் மறுமுனை தென்னையில்தான் கட்டியிருந்தது. வெட்டிய குலை ஒன்று கம்பியின் மேல் விழுந்து இழுக்க, மாடியில் இருந்த இணைப்பே பிய்ந்துவிட்டது. கம்பி தரையில் கிடக்கிறது, கேபிள் சுவரில் தொங்குகிறது என்று மனைவி உள்ளே வந்து சொன்னாள். ரேடியோவை உடனே அணைத்து வைத்திருக்க வேண்டும். எனக்கோ பாயைக் கையும் களவுமாகப் பிடிக்க இதுதான் நேரம் என்று தோன்றியது. ஏரியலே இல்லாதபோது விகிதம் எங்கேயோ போக வேண்டும், அப்போதும் ஒன்று புள்ளி ஒன்று என்றால் அவர் செய்த மோசடி நிரூபணமாகிவிடும். பவரைக் குறைத்து மைக்கை அழுத்தினேன்.

"பத்து வாட். ஒன்று புள்ளி ஒன்று" என்றது அந்தப் பெண் குரல்.

மாட்டினார் என்று நினைத்தேன். அதை உறுதிப்படுத்திக்கொள்ள கேபிளை ரேடியோ பக்கத்திலேயே, மீட்டரின் பின்னாலிருந்து கழற்றிவிட்டு ஒரு கணம் அழுத்தினேன். குரல் உடனே மாறியது. "விகிதம் அதிகம். நிறுத்தவும்." அந்தச் சொற்களை அந்தப் பெண் பதிவு செய்திருந்தாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

மீட்டர் சரியாக இருந்தது, கேபிள்தான் செத்திருந்தது. நான் ஒழுங்காக மூடாத இணைப்பின் வழியே மழைத் தண்ணீர் இறங்கி, வீட்டைச் சுற்றி வரும் அந்த நீளமான கேபிள் முழுவதும் ஊறியிருந்தது. ரேடியோ கொடுத்ததையெல்லாம் கேபிளே குடித்துவிட்டது, திரும்பி வர எதுவும் இல்லை. எதுவும் திரும்பாததால் விகிதம் அவ்வளவு அழகாக இருந்தது. இரைச்சல் குறைந்ததற்கும் அதுவே காரணம்; மற்றவர்களின் பலமான சிக்னலில் மிஞ்சி வந்த துளியே ரேடியோவின் காதுக்குப் போதுமானதாக இருந்தது. இதை நான் கல்லூரியில் பாடமாக நடத்தியிருக்கிறேன், பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். மனைவி அறுந்த முனையை என் கையில் வைத்தாள். உள்ளே செப்புப் பின்னல் கறுத்துக் கிடக்கிறது என்றாள். உள்ளங்கையில் தண்ணீர் சொட்டியது.

அந்த வாரமே இருவரும் பஸ்ஸில் கூத்தாநல்லூர் போனோம். பாய் கடையில் நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். டேப் சுற்றியது பற்றிப் பொய் சொன்னதையும் சொன்னேன்.

"தண்ணி ஏறியிருக்குமோன்னு அப்பவே எனக்குச் சந்தேகம் சார்," என்றார் கடைசியில். "மாடிக்கு விட்டிருந்தா அன்னைக்கே காட்டியிருப்பேன். அத விடுங்க. ‘என் கொரல அழிச்சிடுங்க அத்தா’ன்னு எம்பொண்ணு சொல்லிட்டா. நாகப்பட்டினத்து சார் இன்னும் கடை பக்கம் போன் பண்ணல. எங்கிட்ட வந்து சொல்லி என்ன சார் ஆவப்போவுது? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

அவர் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள் என் மனைவி. அதெல்லாம் வேண்டாம்மா என்றுவிட்டார் பாய்.

புதுக் கேபிள் போட்டோம். இணைப்பைக் கண் தெரிந்த ஒருவர் மூடினார். காலைக் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஒவ்வொருவராக எல்லோரையும் போனில் கூப்பிட்டேன். பாயையும் கூப்பிட்டேன், அவர் சரி என்று மட்டும் சொன்னார். நான் செய்ததை மைக்கில் சொன்னேன். மீட்டரைப் பற்றிச் சொன்னது பொய், அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியது அசிங்கம், தப்பு முழுவதும் என்னுடையது என்றேன். மைக்கை விட்டேன். முதலில் நாகப்பட்டினத்துக்காரர் வந்து, கேட்டுக்கொண்டேன் என்றார். பிறகு பாய் வந்து என் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று முறைப்படி எண்ணைச் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நாகப்பட்டினத்துக்காரருக்கு மீட்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. என் மீட்டரையும் பாய் பஸ் பார்சலில் வரவழைத்து, பழைய குரலை அழித்துவிட்டு அதே மாதிரி திருப்பி அனுப்பினார். இப்போது அதில் எண்களைச் சொல்வது பாய்தான். பிய்ந்த கம்பியை மறுபடி கட்டியதில் விகிதம் முன்போல் இல்லை, ஒன்று புள்ளி நான்கு, மழை நாளில் ஒன்று புள்ளி ஆறு. காலைக் கூட்டத்தை இப்போது அவர்தான் நடத்துகிறார். வரிசையில் என் முறை வரும்போது கூப்பிடுகிறார், நான் பதில் சொல்கிறேன். வீட்டுக்கு மட்டும் அவர் இன்னும் வரவில்லை.