சாவி கொடுக்காமல் ஓடிய கைக்கடிகாரம்

பழைய வெளிநாட்டுக் கைக்கடிகாரங்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. வவுனியாவில் வேலை பார்த்தபோது, அக்கராயன் என்ற ஊரில், கணவரை இழந்த ஓர் அம்மா கணவரின் கடிகாரத்தை விலைக்குக் காட்டினார். முகப்பில் வளர்பிறை தேய்பிறை காட்டும் சிறு நிலவு. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது; அன்றைய பிறையும் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது.

"மணிக்கூட்டுக்குத் தினமும் ஆர் சாவி குடுக்கிறது?" என்று கேட்டேன்.

"அவர் போனதிலையிருந்து ஒருத்தரும் குடுக்கிறதில்லை, தம்பி. அலுமாரிக்குள்ளை சும்மாதான் கிடந்தது."

நம்பாமல்தான் வாங்கினேன். சாவி கொடுக்காவிட்டால் இரண்டு நாளில் நின்றுவிடும். வீட்டில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பத்தாம் நாள் திறந்தேன். ஓடிக்கொண்டிருந்தது. பிறையும் சரியாக இருந்தது.

அன்றே பஸ் ஏறிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா காரணம் கேட்கவில்லை.

"முந்தி வாங்கினவரும் இப்பிடித்தான் கொண்டுவந்து தந்தவர்," என்றார்.

இப்போதெல்லாம் எந்தக் கடிகாரத்தையும் முதலில் காதில் வைத்துப் பார்க்கிறேன். நின்றுபோனதைத்தான் வாங்குகிறேன்.