கடைசி இருக்கை வரை

என் தங்கை எலிப்பொறியைக்கூடத் தொடமாட்டாள். ஆனால் அவள் எழுதும் கதைகளில் பிணம் விழாத பக்கம் குறைவு. "ஏன்டி, நல்லதா ஏதாவது எழுதினா கை சுளுக்கிக்குமா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"நல்லத நினைச்சா தூக்கம் வந்துடுதுக்கா. தூங்க விடாததத்தானே எழுத முடியும்?" என்பாள். அடேங்கப்பா, பதிலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பிழைப்புக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மாலை மணி அடிக்கும்வரை வண்டியை மர நிழலில் நிறுத்தி, ஸ்டீயரிங் மேல் அட்டையைச் சாய்த்து எழுதுவாள். பேனாவைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. கடைசி இருக்கை வரை நடந்து, ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, குனிந்து அடியிலும் பார்ப்பாள். காய்ச்சலோடு ஓட்டிய நாளிலும் இது தப்பியதில்லை.

அப்படிப் பார்க்க மறந்த ஒரு டிரைவரைப் பற்றித்தான் நாவல் எழுதினாள். பூட்டிய வேனுக்குள் ஒரு குழந்தை தூங்கிப்போகிறது. படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் பக்கத்திலேயே பட்டவர்த்தனமாகப் போட்டிருந்தாள்: "இதில் ஒரு குழந்தை இறக்கிறது. தாங்காது என்பவர்கள் இங்கேயே மூடிவிடுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்."

வேனில் வரும் ஒரு சிறுமியின் அப்பா பல் டாக்டர். அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கதைக்குள் போனவர், பாதியில் புத்தகத்தைச் சோபாவில் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். மகள் எடுத்துப் படித்துவிட்டாள். மறுநாள் வேனில் ஏறமாட்டேன் என்று ஒரே அழுகை. டாக்டர் கொதித்துப்போய்த் தலைமை ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"இப்படியெல்லாம் யோசிக்கிறவங்ககிட்ட எப்படி சார் பிள்ளைய விடறது?"

இனி இந்த மாதிரி எழுதமாட்டேன் என்று சொன்னால் வேலை இருக்கும் என்றார் தலைமை ஆசிரியர். துணைக்குப் போயிருந்த எனக்கு நாக்கு துறுதுறுத்தது. தங்கை என் கையை அழுத்திவிட்டுப் பேசினாள்.

"பாப்பா பயந்தது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. அவகிட்ட நான் பேசறேன். ஆனா எழுதறத விடமாட்டேன் சார்." டாக்டர் பக்கம் திரும்பினாள். "உள்ள என்ன இருக்குன்னு வாசல்லயே சொன்னேன். கதவத் திறந்துபோட்டுட்டுப் போனது நீங்க."

வேலை போனால் வீட்டு வாடகைக்கே திண்டாட்டம். அது தெரிந்தும் சொன்னாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. ஒரு வாரம் பார்க்கலாம், பாப்பா ஏறாவிட்டால் வேறு டிரைவர் என்று பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலமே தங்கை அவளைப் பார்க்கப் போனாள்.

"அந்த டிரைவர் ஏன் பின்னாடி பார்க்கல?" என்று கேட்டாளாம் பாப்பா.

"அவசரம்மா. ஒருநாள்தானேன்னு விட்டுட்டான்."

"நீங்க பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன்."

மறுநாள் பாப்பா ஏறினாள். நேராகக் கடைசி இருக்கைக்குப் போனாள். என்ன ஆகுமோ என்று நானும் முன்னால் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் தபதபவென்று இறங்கினார்கள். தன் மகள் இறங்கவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் ஸ்கூட்டரைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை.

தங்கை அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். வழக்கமான நடை. ஒவ்வொரு இருக்கையாகத் தொட்டாள். கடைசியில் குனிந்தாள்.

"என்ன ராஜாத்தி, இன்னைக்கு ஸ்கூலுக்கு லீவா?"

இருக்கைக்கு அடியிலிருந்து சீருடையெல்லாம் தூசியாகப் பாப்பா தவழ்ந்து வந்தாள். வாசற்படியில் மூச்சிரைக்க நின்ற அப்பாவிடம் சொன்னாள்.

"வந்தாங்கப்பா. கடைசி வரைக்கும் வந்தாங்க."

மகள் பள்ளிக்குள் போனபின் டாக்டர் தங்கையிடம் வந்தார்.

"புத்தகத்த அலமாரி உச்சியில வச்சுட்டேம்மா. பாதிதான் படிச்சிருக்கேன். முடிக்கணும்."

"அழுதுட்டு என்னைத் திட்டக்கூடாது சார். முதல் பக்கத்துலயே சொல்லியிருக்கேன்."

"நேத்து ராத்திரிதான் அதப் படிச்சேன்" என்றார்.