கோர்ட்டார் வைத்துக்கொண்ட என் மகள்

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டு வந்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஐந்து வயது மகளைக் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டுப் போனேன். வேறு யார் இருக்கிறார்கள்?

பிழைத்துத் திரும்பி வந்தால், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பிரா அறையில் பிள்ளை இல்லை. ஹட்டனுக்குக் கூட்டிப்போன கொழுந்தனார், குடித்துவிட்டு அவளை பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டாராம். அவளைக் கண்டெடுத்த பொலிஸ் வந்து விசாரித்தபோது, தன்னால் வளர்க்க முடியாது என்று சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டாராம். கோர்ட்டில் அவளைக் கண்டியில் ஒரு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பக்கத்துக் காம்பிரா அக்காதான் அழுதுகொண்டே சொன்னார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெற்றவள் நான் உயிரோடு இருக்கும்போது பிள்ளையை எப்படி இன்னொருவர் வைத்துக்கொள்ள முடியும்? எங்களை வேலை வாங்கும் கங்காணி, தோட்ட நிர்வாகியான துரையிடம் போகச் சொன்னார். துரையோ, இது தோட்டத்து விஷயம் இல்லை என்றார். ஒருவர் புரொக்டர், அதாவது வக்கீல், பிடிக்கச் சொன்னார். இன்னொருவர், "கோட்டுல எழுதிட்டா அவ்வளவுதான், இனி அது அரசாங்கத்துப் புள்ள" என்று கையை விரித்தார். யாரை நம்புவது?

விசாரித்து விசாரித்துக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். காய்ச்சலில் என் தலைமுடி முழுக்கக் கொட்டியிருந்தது. மகள் என்னைப் பார்த்துப் பயந்து, அங்கிருந்த ஆயாவின் பின்னால் ஒளிந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எட்டிப் பார்த்தாள். ஆனாலும் கூட்டிப்போக விடவில்லை. கோர்ட் உத்தரவு வேண்டுமாம்.

அங்கே ஒரு சிங்களப் பெண் இருந்தார்; நோனா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்கும் அரசாங்க அதிகாரி. என் மகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்தான் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கத்தினேன். அவர் பொறுமையாக, அரைகுறைத் தமிழில் சொன்னார்:

"அம்மா, இந்த உத்தரவு எப்பவுக்கும் இல்லை. அதே கோட்டுல நீங்க திருப்பிக் கேக்கலாம். புரொக்டர் இல்லாமலும் கேக்கலாம். ஆனா முதல்ல நான் உங்க வீடு பாக்கணும்."

மனு போட்டேன். ஆனால் வீட்டை எதற்குப் பார்க்க வேண்டும்? குறை கண்டுபிடிக்கத்தானே!

நல்ல மழை நாளில் அவர் வந்தார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இதைப் பார்த்தால் யார் பிள்ளையைத் தருவார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். தட்டினார். மூச்சுக்கூட விடாமல் நின்றேன்.

"அம்மா, உள்ள இருக்கீங்க, தெரியும். நான் பாக்காம போனா, பொண்ணு வர வழி இல்லை."

திறந்தேன். முழுக்க நனைந்துபோய் நின்றிருந்தார். உள்ளே வந்தவர் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனா புள்ளையை யார் பாக்கும்?" என்றார்.

"தோட்டத்துப் புள்ளைக்காம்பிராவுல சின்னப் புள்ளைங்களப் பாத்துக்க ஆயா இருக்காங்க, நோனா. எனக்கு மறுபடி முடியாமப் போச்சுன்னா..." என்று நான் திணறியபோது, வாசலில் நின்ற பக்கத்துக் காம்பிரா அக்கா, "நான் பாத்துக்கிறேங்க. கோட்டுக்கு வந்தும் சொல்றேன்" என்றார்.

கோர்ட் நாளன்று நீதவான் ஆங்கிலத்தில் பேசினார். மொழிபெயர்ப்பாளர் கேட்டதற்கு நான் என்ன சொன்னேன் என்பது இன்றும் நினைவில்லை. திடீரென்று அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். எல்லாம் போய்விட்டது என்று நினைத்து, நின்ற இடத்திலேயே அழுதேன். அக்காதான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். அங்கே நோனா என் மகளோடு நின்றிருந்தார்.

"நீதவான் உத்தரவு குடுத்திட்டார், கூட்டிட்டுப் போங்க. நான் வந்து வந்து பாப்பேன்" என்றார்.

பஸ்ஸில் மகள் கேட்டது ஒன்றுதான். "என்னைய ஏம்மா விட்டுட்டுப் போன?"

அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த பஸ் ஸ்டாண்டில் அவளை யாரும் எடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். என் பிள்ளையை என்னிடமிருந்து பறித்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, காப்பாற்றினார்கள் என்று சொல்ல மனம் முழுதாக ஒப்பவுமில்லை.