மிதிக்கக் கூடாத ஒரு கல்லறை

எங்கள் வீட்டில் சாவுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. சொந்தத்தில் யாராவது இறந்துவிட்டதாகச் செய்தி வந்தால், அது ஊரிலிருந்து தொலைபேசியில் வந்தாலும் சரி, வீட்டில் எல்லோரும் தலை முழுக வேண்டும். முழுகும்வரை எதையும் தொடக்கூடாது. லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் நகரக் கவுன்சில் தந்த மூன்றாம் மாடி வீட்டில் கிணறு ஏது? ஒருவர் பின் ஒருவராகக் குளியலறைக்குப் போவோம். பனிக்காலத்தில் ஒரு சாவு வந்தால் வீடு முழுக்கத் தடிமனும் தும்மலும்தான். பிறத்தியார் சாவுக்கு இந்தச் சட்டம் கிடையாது. பெரியம்மா வேலைக்கு பஸ் ஏறுகிற இடம், ஆட்களைப் புதைக்கிற சவக்காலையின் மதிலோடு இருந்தது. ஆரோ எவரோ செத்ததற்கு நாங்கள் ஏன் முழுக வேண்டும் என்று அவரே எனக்கு ஒருமுறை விளங்கப்படுத்தியிருக்கிறார்.

பெரியம்மா என் அம்மாவின் தமக்கை. கணவர் இல்லை. ஒரே மகன், எனக்கு அண்ணன் முறை, ஊரில் சைக்கிளில் டியூசனுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. ஆமி பிடித்தது என்றார்கள் சிலர், இயக்கப் பெடியளோடு சேர்ந்துவிட்டான் என்றார்கள் வேறு சிலர். சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. தேடிக் களைத்துத்தான் பெரியம்மா லண்டனுக்கு வந்தார். அந்தக் களைப்பு பிறகு அவரை விட்டுப் போகவேயில்லை. செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்கைச் செய்துவிட்டால் பிள்ளையின் ஆத்மாவும் ஆறும், பெரியம்மாவும் ஆறுவார் என்பது அப்பாவின் கட்சி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கதையை எடுப்பார். பெரியம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே எப்போதும் ஒரே பதிலைச் சொல்வார்.

"உடம்பைக் காட்டுங்கோ. செய்யிறன்."

அப்பா டிவியைப் போட்டுவிடுவார்.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டு, பள்ளி விடுமுறையில், பெரியம்மாவின் விசா அலுவலாகக் குரோய்டனுக்குப் போனோம். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மொழிபெயர்க்க நான் போனேன். விடியவே வரிசையில் நின்று, மத்தியானம் தாண்டித்தான் ஜன்னலடிக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். பிள்ளைகள் உண்டா என்றாள். ஒருவர் என்றேன். எங்கே இருக்கிறார் என்றாள். நான் திரும்பிப் பெரியம்மாவைக் கேட்டேன். தெரியாது என்று சொல்லச் சொன்னார். உயிரோடு இருக்கிறாரா என்று அடுத்ததாகக் கேட்டாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, பெரியம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தப் பெண் வேறு கேள்விக்குப் போனாள்.

திரும்பும் வழியில் விக்டோரியாவில் பாதாள ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஆளில்லாத பை ஒன்று எங்கோ கிடந்ததாம். குண்டுக்குப் பயந்து கடல் கடந்து வந்த எங்களுக்கு இங்கேயும் அதே உபசாரம். மழை வேறு. பஸ் தேடி நடந்தோம். பெரியம்மாவுக்குக் கால் உளைவு. இனி ஏலாது என்று அவர் நின்ற இடத்துக்கு எதிரே அந்தப் பெரிய தேவாலயம் இருந்தது. அரசர்களைப் புதைத்த இடம். பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போயிருந்தபடியால் எனக்கு அது பழக்கம். உள்ளே உட்காரக் கதிரை உண்டு, முன்பக்கத்துக்குக் காசும் இல்லை என்றேன்.

பெரியம்மா வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கோயில் என்றால் கோயில்தான் அவருக்கு. ஆனால் உள்ளே நிலமெல்லாம் கல்லறைகள். சனங்கள் ஈரச் சப்பாத்தோடு அவற்றின் மேலேயே நடந்து திரிந்தார்கள். பெரியம்மா காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், நனைந்த காலுறையோடு எட்டி எட்டி வைத்து வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வாசலுக்கு நேரே ஒரு கறுப்புக் கல், சுற்றிவரச் சிவப்புப் பூக்கள். அதை மட்டும் எல்லோரும் விலகிப் போனார்கள்.

"ஏன் இவரை மட்டும் ஒருத்தரும் மிதிக்கேல்லை?"

நான் டீச்சர் சொன்னதை ஒப்புவித்தேன். முதலாம் உலக யுத்தத்தில் செத்த ஒரு சிப்பாய். பேர் தெரியாது, ஊர் தெரியாது. அப்படிக் கிடந்தவர்களில் ஒருவரை எடுத்து வந்து, அரசர்களுக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள்.

"அப்ப தாய்க்கும் தெரியாதோ?"

தெரியாது என்றேன். பிள்ளை திரும்பி வராத தாய்மார் எல்லோரும், இது தன் மகனாக இருக்கலாம் என்று வந்து அழுதார்களாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொல்லிவிட்ட பெருமை எனக்கு.

பெரியம்மா சப்பாத்தை மெல்லக் கீழே வைத்தார். அழவில்லை, கும்பிடவுமில்லை. கதிரை பக்கத்திலேயே இருந்தும் உட்காரவில்லை. அந்தக் கல்லைப் பார்த்தபடி நின்றார். மழை விட்டுவிட்டது, பஸ் போய்விடும் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்சம் பொறு, பிள்ளை" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அலுவல் என்னமாதிரி என்று கேட்டபடி அம்மா தேநீரை நீட்டினார். பெரியம்மா வாங்கவில்லை. ஒன்றையும் தொடாமல், கோட்டையும் கழற்றாமல், நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

அம்மா கப்பும் கையுமாக நின்றார். எங்கே போய் வந்தீர்கள் என்று என்னைக் கேட்டார். கறுப்புக் கல்லையும், பெரியம்மா கேட்டதையும், நான் சொன்ன விடையையும் சொன்னேன். அம்மா சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினார். அப்பா எழுந்து டிவியை நிறுத்தினார். பெரியம்மா வெளியே வந்ததும் அம்மா முழுகப் போனார், அவருக்குப் பின்னால் அப்பா போனார். கடைசியாக என்னையும் போகச் சொன்னார்கள். சுடுதண்ணீர் முடிந்திருந்தது. யாருமே சாகாத ஒரு நாளில் நான் எதற்காக இப்படி நடுங்க வேண்டும் என்று, பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஆத்திரத்தில் அழுதேன்.