குதிருக்குள் இருந்த மாதர் சங்கம்

அடுத்த வீட்டுச் செலவைக் குறைக்கச் சொல்லி அரசாங்கச் சம்பளம் வாங்குவதைப் போலத் துணிச்சல் வேண்டிய வேலை வேறில்லை. அறுபதுகளில் குண்டடம் பக்கம் கிராம சேவிகாவாக அதைத்தான் செய்தேன்: வீட்டுத் தோட்டம், தானியப் பாதுகாப்பு, சிறுசேமிப்பு. இருபதாம் தேதிக்கு மேல் பர்ஸைத் திறக்கப் பயந்துகொண்டே பிறருக்குச் சிக்கனம் சொன்னவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

முதல் கூட்டம்

கல்லூரியில் தமிழ் படித்தவள் என்பதால் நன்றாகவே பேசினேன். சிறுகச் சிறுகச் சேர்வதன் அழகை வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் பாடாத குறையாகச் சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த செல்லாத்தாள், ஊரிலேயே பெரிய தானியக் குதிருக்குச் சொந்தக்காரி, என் குடை, செருப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சிக்கனஞ் சொல்றதுக்குன்னு சம்பளம் போட்டு ஆளனுப்புதா கவர்மெண்டு? மொதல்ல அந்தச் செலவை நிறுத்தச் சொல்லு அம்மிணி."

தின்னாத கத்தரிக்காய்

குளிக்கிற தண்ணீரைக் கொல்லைக்குத் திருப்பிக் காய்கறி போடச் சொல்லி, பிளாக் ஆபீஸ் கொடுத்த விதைகளை வீடு வீடாகத் தந்தேன். செல்லாத்தாளின் வீட்டில்தான், மருமகள் பாப்பாத்தி கையில் கத்தரி காய்த்துத் தள்ளியது. பிள்ளைகளுக்குச் சத்து சேரும் என்று மகிழ்ந்திருந்தேன். சந்தையில் பார்த்தால், அவளே கூடையோடு உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தாள்.

"தின்னத்தானே கொடுத்தேன்?" என்று கேட்டேன். அவள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்: "தின்னா நாளைக்கும் பசிக்குமுங்க டீச்சர். வித்தா ஒரு எருமை வாங்கலாமுங்க."

தபாலாபீஸ்

எருமைக்காக அவள் காசு சேர்ப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. புருஷன் பழனிச்சாமி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. ஞாயிறுதோறும் வருவான், பின்னல் மெஷினில் பங்கு வாங்குவதைத் தவிர வேறு பேச்சு அவனுக்கில்லை. கையில் சிக்கியதையெல்லாம் அந்தப் பங்குக்கென்று கொண்டுபோய்விடுவான். பாப்பாத்தியின் காது மூக்கு வெறுமையாகிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது.

தபாலாபீஸில் போட்டு வை, அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்றேன். பாப்பாத்தி சிரித்தேவிட்டாள்.

"போஸ்ட்மாஸ்டரு எங்கூட்டுக்காரருக்கு மாமன் மவனுங்க. நான் ஊடு சேர்றதுக்குள்ள சேதி திருப்பூர் போயிருமுங்க."

குதிர் காலியான நாள்

வண்டு விழாமல் தானியம் காக்கும் முறையைச் செய்து காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லாத்தாள் வீட்டுத் தானியக் குதிரைத் தேர்ந்தெடுத்தேன். காலி செய்து, காயவைத்து, நொச்சியும் வேம்பும் கலந்து திரும்பக் கொட்ட வேண்டும். அடுத்த வாரம் விதைப் பானைகளையும் இதேபோல் திறக்க வேண்டும் என்றும் அறிவித்தேன். "இன்னிக்கு வேண்டாமுங்க டீச்சர்" என்று பாப்பாத்தி இரண்டு முறை சொன்னாள். புதுமைக்கு எப்போதும் வரும் எதிர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். பழனிச்சாமியே உற்சாகமாக ஏறிச் சோளத்தை அள்ளிக் கொட்டினான். சோளம் விழும் ஓசைக்கு நடுவே வேறொரு ஓசை விழுந்தது. ஆள் பேச்சற்ற என் வீட்டில், அரிசி களையும்போது சில நாள் அது இன்னும் கேட்கிறது. பாயில் கிடந்தது பனியன் துணியில் முடிந்த காசு மூட்டை.

பழனிச்சாமி இறங்கி அதைக் கையில் எடுத்தான். பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். "அது அரசாங்க மாதர் சங்கத்துப் பணம், நான்தான் கொடுத்து வைத்தேன்" என்றேன், கொஞ்சமும் தடுமாறாமல். அந்த ஊரில் மாதர் சங்கமே கிடையாது. சுற்றி நின்ற பெண்களுக்கெல்லாம் அது தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அரசாங்கக் காசு என்றதும் கை சுட்டதுபோல அவன் மூட்டையைக் கீழே வைத்தான். செல்லாத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வாயைச் சாணியால் மெழுகிய அவரைக்காய் விதைப் பானையோடு வந்து, மெழுகை உடைத்து, அடியிலிருந்த சுருக்குப் பையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இதையும் சேத்து எண்ணிக்க அம்மிணி. போன வருசம் எங்கிட்டயும் குடுத்து வெச்சயே, மறந்துட்டயா?"

அரசாங்க எருமை

சொன்ன பொய்க்காகச் சங்கம் ஒன்றை உண்டாக்க வேண்டியதாயிற்று. மறு வாரம் அடுக்குப் பானைகளிலிருந்தும் தலையணைகளிலிருந்தும் நான் "கொடுத்து வைத்த" காசெல்லாம் வந்து சேர்ந்தது. செல்லாத்தாள் பொருளாளர். மாமியாரும் மருமகளும் சேர்த்து வைத்திருந்ததில் முதல் எருமை வந்தது, சங்கத்தின் பேரில். பழனிச்சாமி அடுத்த ஞாயிறு வந்து அதை மூன்று சுற்றுச் சுற்றினான்.

"அரசாங்க எருமைங்களா? அப்ப விக்க முடியாதுங்களா?" என்றான். முடியாது என்றேன். அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னான்: "செரி, சாணியள்றதுக்கும் கவர்மெண்டே ஆள் போட்டுரட்டுமுங்க."

அவ்வளவு பேருக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுத்த எனக்கு, மாதக் கடைசியில் பஸ்ஸுக்குச் சங்கத்திலிருந்து கடன் கொடுத்தவள் செல்லாத்தாள்தான், அதுவும் வட்டிக்கு.